பின்வாசல் மேஜை

முதலாளி மிலிட்டரிக்காரர் ஒருவரை வேலைக்கு எடுக்கப் போகிறார் என்று தெரிந்த அன்று, எங்கள் கடையில் பாதிப் பேருக்குச் சோறு இறங்கவில்லை. ஆளுக்கு ஒரு கதை கட்டினார்கள். முட்டி போடச் சொல்வாராம், இந்தியில் திட்டுவாராம், தாமதமாக வந்தால் மொட்டை மாடியைச் சுற்றி ஓட விடுவாராம். பையன்களுக்கு வேறு கவலை. அவரிடம் மிலிட்டரி கேண்டீன் பிராந்தி பாட்டில் கிடைக்குமா என்று கிசுகிசுத்துக்கொண்டார்கள். காரைக்காலில் இருந்துகொண்டு, வெளியூர்க்காரன் எல்லாம் பஸ் ஏறி வந்து வாங்கிப் போகிற ஊரில் இருந்துகொண்டு, மிலிட்டரி பாட்டிலுக்கு நாக்கைத் தொங்கப் போடுகிறார்களே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

என் பெயர் காசியம்மா. பில் போடும் பிரிவுக்கு நான்தான் மூத்தவள். கோவில்பத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து கவுண்டரில் உட்கார்ந்தால், மூன்று மாடிக் கடையில் யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்பது என் கண்ணில் படாமல் போகாது. முதலாளியின் அறை என் முதுகுக்குப் பின்னால். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு மட்டும்தான். அங்கே பேசுவதும் என் காதில் விழாமல் போகாது.

முதலாளி ஜெகபர் சாதிக் துபாயிலும் சிங்கப்பூரிலும் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்து இந்தக் கடையைக் கட்டினவர். தாராளமான கை. யார் வந்தாலும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார். என் மகள் பிளஸ் டூ தேறியபோது மாடியிலிருந்து ஒரு பேனாப் பெட்டியை எடுத்து வந்து என் மேஜையில் வைத்தார். கோபமும் அப்படித்தான், வந்தால் தாங்காது. ஆனால் அடுத்தவர் உரிமையில் ஒரு மணி அரிசி கூடத் தன் வீட்டுக்கு வரக் கூடாது என்பதில் உறுதியானவர். ஹராம் என்ற சொல்லை அவர் சொல்லும்போது குரலே மாறிவிடும்.

அவரைத் தூங்கவிடாமல் செய்தது முதல் மாடி. சென்ட், சாக்லேட் டின், பேரீச்சம்பழம், தைலம் என்று வெளிநாட்டுச் சாமான் விற்கிற இடம் அது. ஒவ்வொரு முறை சரக்கு எண்ணும்போதும் அங்கே மட்டும் குறையும். முதலில் அந்தப் பிரிவில் பஹீமா இருந்தாள். அவள்தான் எடுக்கிறாள் என்று போன வருஷம் நிறுத்திவிட்டார்கள். பிறகு போலகத்து இளவேனில் வந்தாள். அப்போதும் குறைந்தது. அவளுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருந்தார்கள். நிச்சயதார்த்தத்துக்கு முதலாளியே நேரில் போய், தங்கக் காகிதம் சுற்றின சென்ட் பெட்டி ஒன்றைப் பரிசாகக் கொடுத்துவிட்டு வந்தார். அதே பெண்ணைத்தான் அடுத்த மாதம் திருடி என்று சந்தேகப்பட்டார். திருடி என்று பெயர் வாங்கி வேலையை விட்டுப் போனால், போலகத்தில் அந்தப் பேச்சு கல்யாணத்துக்கு முன்னால் போய் நிற்கும். இளவேனிலுக்கு அது தெரியும். எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அதனால்தான் மிலிட்டரிக்காரர். பெரிய மீசையும் இடிக் குரலுமாக ஒருத்தர் வாசலில் நின்றால் திருட்டுக் கை தானாக நடுங்கும் என்பது முதலாளியின் கணக்கு.

வந்தவருக்கு மீசையே இல்லை. ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, பள்ளிக்கூட வாத்தியார் போல் இருந்தார். சுரக்குடிக்காரர், பெயர் கலைவாணன். ராணுவத்தில் நாயப் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு படையணிக்கே ரேஷனும் துணிமணியும் பங்கிட்டுக் கொடுக்கிற பொறுப்பில் இருந்தவராம். முதலாளி அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை. துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டார். செக்யூரிட்டி வேலைதான் காலியாக இருக்கிறது, பின்வாசலில் நிற்க வேண்டும், ஊழியர்கள் போகும்போது பையைச் சோதிக்க வேண்டும் என்றார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே கூச்சமாக இருந்தது. அந்த மனிதர் முகம் சுளிக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்.

“நிக்கிறேன் சார். பை சோதனை யாருக்குன்னு மட்டும் சொல்லிடுங்க. எல்லாருக்குமா, இல்ல சில பேருக்கா?”

“எல்லாருக்கும்தான் தம்பி. இதுல என்ன சந்தேகம்?” என்று சிரித்தார் முதலாளி.

அன்று மாலையே முதல் அதிர்ச்சி. எங்கள் கடையின் பின்வாசலில் ஒரு மேஜை கிடக்கும். வேலை முடிந்து போகும் பெண்கள் அதன் முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். முதலாளியின் தங்கை மகன் அஜ்மீர்தான் மேலாளர். அவன் ஒவ்வொருத்தியின் கைப்பையையும் கவிழ்ப்பான். டிபன் பாக்ஸைத் திறந்து மிச்சச் சோற்றை ஒரு ஸ்பூனால் கிளறிப் பார்ப்பான். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள். நானும் அஜ்மீரும் பக்கத்துக் கதவு வழியாக நேரே போய்விடுவோம். எங்கள் பையை யாரும் கேட்டதில்லை.

கலைவாணன் வந்தார். மேஜையைத் துடைத்தார். தன் தோள்பையை அதன் மேல் கவிழ்த்தார். ஒரு துண்டு, தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ். அதையும் திறந்து வைத்துவிட்டு, பார்க்கச் சொல்லி அஜ்மீரிடம் காட்டினார். அவன் பார்த்ததும், அடுத்து நீங்கள் என்றார். அஜ்மீருக்கு விளங்கவில்லை. பொறுப்பில் இருக்கிறவர்கள் முதலில், மற்றவர்கள் பிறகு என்று அமைதியாகச் சொன்னார். பட்டாளத்தில் கமாண்டிங் ஆபீசர் வண்டியைக் கூடக் கேட்டில் நிறுத்துவார்களாம், நிறுத்தாமல் விட்டால் அந்த அதிகாரியே இறங்கி வந்து காவலுக்கு நின்றவனைக் கண்டிப்பாராம். அஜ்மீர் பல்லைக் கடித்துக்கொண்டு பையைத் திறந்தான்.

அடுத்தது நான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. இத்தனை வருஷம் பணப்பெட்டியின் சாவியை வைத்திருக்கிறவள் நான், என் பையையா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை, குழையவும் இல்லை. காத்திருந்தார். வரிசையில் நின்ற பெண்கள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் திறந்தேன். சீப்பு, மாத்திரை அட்டை, பாதி தின்ற முறுக்கு. மானம் போயிற்று. அதற்கப்புறம் அவர் விலகி நின்று, பெண்கள் பையை நீங்கள்தான் பார்க்க வேண்டும், ஆண் பிள்ளை கை வைக்கக் கூடாது என்று அந்த வேலையையும் என் தலையில் கட்டினார். சோற்றைக் கிளறுகிற ஸ்பூனை எடுத்துக் குப்பையில் போட்டார்.

அன்று பெண்கள் உடனே வீட்டுக்குப் போகவில்லை. தெரு முனையில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த வாரக் கடைசியில் சரக்கு எண்ணினார்கள். முதல் மாடியில் மறுபடியும் குறைந்தது. முதலாளி இளவேனிலை அறைக்குக் கூப்பிட்டுக் கத்திய கத்தல் கீழே வாடிக்கையாளர்கள் வரை கேட்டது. அவள் அழுதாள். அப்போது கலைவாணன் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனார். இன்னும் ஒரு வாரம் கொடுக்கச் சொன்னார். வாடிக்கையாளருக்கு முன்வாசல், கடையைச் சேர்ந்தவர்கள் அத்தனை பேருக்கும் பின்வாசல் மட்டும்தான் என்று ஓர் உத்தரவு போடுங்கள், அதற்கப்புறம் முடிவு செய்யலாம் என்றார். முதலாளிக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. கையும் களவுமாகச் சிக்குவாள் என்று நினைத்தார் போலிருக்கிறது. வெள்ளிக்கிழமை வரை பார்க்கலாம், அன்றைக்கும் ஒன்றும் தெரியாவிட்டால் அவள் போக வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு, கொள்முதலுக்காகச் சென்னைக்குப் போனார்.

அந்த வாரம் முழுக்க நான் பைகளைத் துருவித் துருவிப் பார்த்தேன். எனக்கு அஜ்மீர் மேல்தான் கண். அவன் பையில் செல்போன் சார்ஜரும் வெற்றுப் பாக்குப் பொட்டலங்களும்தான் இருந்தன. இளவேனில் வரவர இளைத்துக்கொண்டு போனாள். தினமும் தன் முறை வரும்போது பையை நன்றாக விரித்துக் காட்டுவாள். “நல்லாப் பாத்துருங்கக்கா” என்பாள். பார்க்க எனக்கே வெறுப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் முதலாளி திரும்பி வந்தார். வந்ததும் முதல் மாடியை எண்ணச் சொன்னார். ஒன்று கூடக் குறையவில்லை. அலமாரியில் எல்லாம் அப்படியே இருந்தன. இளவேனில் முகத்தில் ரொம்ப நாள் கழித்துக் கொஞ்சம் உயிர் வந்தது. அது நிமிஷ நேரம் கூட நிலைக்கவில்லை.

“பாத்தியா அஜ்மீரு? எல்லாருக்கும் பின்வாசல்னு போட்டதும் பயந்து நிறுத்திட்டா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?” என்றார் முதலாளி. ஜும்மா தொழுகை முடிந்து வந்ததும் கணக்கு முடித்து அனுப்பிவிடலாம் என்றும் சொன்னார்.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குறைந்தாலும் அவள் திருடி, குறையாவிட்டாலும் அவள் திருடி. இது என்ன நியாயம் என்று எழுந்துபோய்க் கேட்க வாய் துறுதுறுத்தது. கேட்கவில்லை. சம்பளம் வாங்குகிற வாய்.

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காகக் கடையை மூடுவோம். முன்வாசல் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். சாப்பிடப் போவதற்காக எல்லோரும் பின்வாசலில் வரிசையாக நின்றோம். இளவேனில் தன் டிபன் பாக்ஸ், குடை, அலமாரிக்குள் ஒட்டி வைத்திருந்த சாமி படம் என்று எல்லாவற்றையும் ஒரே பையில் அடைத்து எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். திரும்பி உள்ளே வரப் போவதில்லை என்று அவளே முடிவு செய்துவிட்டாள்.

முதலாளி வெள்ளை ஜிப்பாவும் தொப்பியுமாக மாடியிலிருந்து இறங்கி வந்தார். இரண்டு கையிலும் இரண்டு துணிப்பை. ஷட்டர் இறங்கியிருந்ததால் அவரும் எங்கள் பக்கமாகத்தான் வந்தார். கார் பின்னால்தான் நின்றது. வரிசை தானாக விலகி அவருக்கு வழி விட்டது.

கலைவாணன் விலகவில்லை. முதலில் தன் பையைத் திறந்து மேஜையில் கவிழ்த்தார். பிறகு நேராக நின்று சொன்னார்.

“சார், பையை வச்சிடுங்க.”

அஜ்மீர்தான் பாய்ந்து வந்தான், யாரிடம் பேசுகிறோம் என்று தெரிகிறதா என்று கேட்டான். முதலாளிக்கு ஒரு கணம் முகம் சிவந்தது. அப்புறம் சிரித்துவிட்டார். நான் சொன்ன சட்டம்தானே, நல்லாப் பாருங்க தம்பி என்று இரண்டு பைகளையும் மேஜையில் வைத்தார். ஒளிக்க எதுவும் இல்லாதவருடைய சிரிப்பு அது. சத்தியமாகச் சொல்கிறேன், அதில் கள்ளம் இல்லை.

கலைவாணன் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். சென்ட் பெட்டிகள். சாக்லேட் டின். பேரீச்சம்பழப் பெட்டி. தைலப் புட்டிகள். கடைசியாக ஒரு அத்தர் குப்பி.

“பில்லுங்க சார்?”

“பில்லா? என் கடை தம்பி இது. பேரப்புள்ளைங்க வந்திருக்கு, அதுகளுக்குச் சாக்லேட்டு. இது நம்ம டாக்டருக்கு. இது பள்ளிவாசலுக்கு...” என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்தினார்.

ஏனென்றால் இளவேனில் வரிசையை விட்டு முன்னால் வந்திருந்தாள். மேஜையில் இருந்ததைப் பார்த்தாள். தொடவில்லை.

“இதெல்லாம் என் செக்‌ஷன் சாமான் முதலாளி. காலையில எண்ணுனப்ப இருந்துச்சு.”

அவ்வளவுதான் சொன்னாள். இந்த மனிதர் இப்படிப் பையை நிரப்பிக்கொண்டு இறங்கி வருவதை நான் தினம் தினம் பார்த்திருக்கிறேன். நான் மட்டுமா, கடையே பார்த்திருக்கிறது. விருந்தாளி வந்தால் மாடிக்குப் போவார், கை நிறைய எடுத்து வருவார், கொடுத்து அனுப்புவார். முதலாளி எடுப்பதும் ஓர் எடுப்பு என்று எங்களில் ஒருத்தர் மண்டைக்கும் உறைக்கவில்லை. அவர் ஊரில் இல்லாத வாரம் மட்டும் அலமாரி குறையாமல் இருந்ததே, அப்போதாவது உறைத்ததா? என் பேனாப் பெட்டி, அதற்கு யார் பில் போட்டது? பில் போடுகிறவளே நான்தானே.

முதலாளி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எதையோ நினைவுபடுத்திப் பார்ப்பவர் போல் உதடு அசைந்தது. பிறகு இளவேனிலைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

“உன் நிச்சயத்துக்கு ஒரு சென்ட்டு குடுத்தேனே. அது?”

“அதுவும் என் அலமாரிதாங்க. குறையுதுன்னு நீங்க கத்துனீங்கள்ல, அதுல அதுவும் ஒண்ணு. வீட்டுல பிரிக்காம வச்சிருக்கேன்.”

அவர் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தொழுகைக்குப் பாங்கு சொல்கிற சத்தம் கேட்டது. யாரும் நகரவில்லை. இதை என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே தம்பி என்று கலைவாணனிடம் முனகினார். கோபம் இல்லை, அழுகைதான் தெரிந்தது.

“முன்னாடியே எனக்குத் தெரியாதுங்க சார். தெரிஞ்சிருந்தாலும் இங்க வச்சுதான் கேட்டிருப்பேன். எல்லார் முன்னாடியும் போன பேரு, ரூமுக்குள்ள எப்படி சார் திரும்பி வரும்?”

முதலாளி எழுந்து இளவேனில் முன்னால் போய் நின்றார். எங்கள் அத்தனை பேர் முன்னாலும் கையைக் கூப்பினார். மன்னிச்சுரும்மா, நீ எங்கேயும் போகக் கூடாது என்றார். பக்கத்தில் நின்ற பெண்கள் சிலர் அழுதுவிட்டார்கள். இளவேனில் அழவில்லை.

“எனக்கு முன்னாடி பஹீமா இருந்தா முதலாளி” என்றாள்.

தொழுகை முடிந்து அவர் திரும்பி வந்தபோது வேறு ஆளாக இருந்தார். பஹீமா வீட்டுக்குப் போக வேண்டும், பெண் துணைக்கு நீயும் வா என்று என்னைக் கூப்பிட்டார். கார் சாவியைக் கலைவாணனிடம் கொடுத்து வண்டி ஓட்டச் சொன்னார். வழியில் அவரிடம், கடை முழுவதற்கும் நீங்களே பொறுப்பாக இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். உங்களை மாதிரி ஓய்வு பெற்றவர்கள் வேறு யாராவது இருந்தால் அழைத்து வாருங்கள் என்றும் கேட்டார்.

“நிறையப் பேரு இருக்காங்க சார். ஏடிஎம் வாசல்லயும் கல்யாண மண்டபத்து வாசல்லயும் நிக்கிறாங்க. யாரும் உள்ள கூப்புடுறதில்ல” என்றார் கலைவாணன், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முதலாளி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பஹீமா வீடு பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. அவளுடைய அம்மா ஆஸியா பீவி கதவைத் திறந்தார். முதலாளியைக் கண்டதும் தலைத் துணியை இழுத்து விட்டுக்கொண்டு, சலாம் சொல்லி, உள்ளே வரச் சொன்னார். அந்த மரியாதையே எனக்குச் சங்கடமாக இருந்தது. பஹீமா இப்போது ஒரு தையல் கடைக்குப் போகிறாளாம். வெள்ளிக்கிழமை அரைநாள் வேலை, இப்போதுதான் வந்தாள் என்றார். முதலாளி நாற்காலியில் உட்காரவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டு நின்றார்.

சத்தம் கேட்டுப் பஹீமா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். முதலில் முதலாளியை, பிறகு என்னை, பிறகு செக்யூரிட்டி நீலச் சட்டையில் வாசலில் நின்ற கலைவாணனைப் பார்த்தாள். உடனே உள்ளே போனாள். தண்ணீர் கொண்டு வருவாள் என்று நினைத்தேன்.

கைப்பையைக் கொண்டு வந்தாள். முதலாளிக்கு முன்னால் இருந்த நாற்காலியில் அதை வைத்து, ஜிப்பைத் திறந்து, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பினாள். நூல் கண்டு, கத்தரிக்கோல், பஸ் டிக்கெட், கைக்குட்டை. பிறகு வெறும் பையைத் தலைகீழாகப் பிடித்து உதறிக் காட்டினாள். முகத்தில் கோபமே இல்லை. தினமும் செய்கிற வேலையைச் செய்வது போல் செய்தாள்.

ஆஸியா பீவி மகளின் கையைப் பிடித்து இழுத்தார். “எங்க போனாலும் இப்புடித்தாங்க செய்யிது. கல்யாண வீட்டுலேருந்து கெளம்புனாலும் வாசல்ல நின்னு பையத் தொறந்து காட்டுது. சொன்னா கேக்கமாட்டேங்குது.”

கலைவாணன் வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் ஓடிப் போய் அந்தப் பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவள் என் தோளுக்கு மேலே முதலாளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டிபன் பாக்ஸ் கழுவப் போட்டிருக்கேன் முதலாளி. அதையும் எடுத்துட்டு வரவா?” என்று கேட்டாள்.